பரந்தன் வீட்டு லப்டொப்

கிளிநொச்சியில் மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போகிற வழியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. அதன் முன்பக்கத்தில் தகரம் அடித்து மறைத்த ஆறடி இடத்தில் பதினொரு வருசமாகத் தட்டச்சு வேலை செய்தாள் ராஜினி. காணிப் பத்திரத்தில் பெயர் பிழையாக விழுந்தவர்கள், வீட்டுத்திட்டத்தில் விடுபட்டவர்கள், காணாமற்போன பிள்ளையைத் தேடுகிறவர்கள் என்று எத்தனையோ பேர் அவளுக்கு முன்னால் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் இருந்து தங்கள் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல அவள் அடிப்பாள். மலைநாட்டிலிருந்து வந்து கண்டாவளை வயல்களில் கூலிக்கு நின்ற பழனியாண்டியின் மூத்த மகள் அவள். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுபோனது. ஆனால் அவள் அடித்துக் கொடுத்த மனுவை விளங்கவில்லை என்று ஒருவரும் திருப்பி அனுப்பியதில்லை.

வாறவர்கள் கொண்டுவருகிற பென் டிரைவ்களால்தான் வில்லங்கம் வந்தது. எங்கெங்கோ குத்தியெடுத்த பென் டிரைவ்கள். அவற்றோடு வைரஸும் வந்து ஏறி, ஒருநாள் கணினி திறக்கவே மறுத்தது. திருத்தக் கொடுத்த இடத்தில் இருந்த பெடியன் ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "இப்ப பறக்கும் அக்கா" என்றும் சொன்னான். பதினொரு வருசக் கடிதங்கள் ஒன்றும் இல்லை.

"போன மாசி அடிச்ச கடிதத்தை இன்னொருக்கா எடுத்துத் தாங்கோ" என்று வந்து நின்றவர்களிடம் என்ன சொல்வது? சிலர் பழைய பிரதியை மடித்துப் பையில் வைத்திருந்தார்கள். பலரிடம் அதுவும் இல்லை. வடிவம்மா என்கிற கிழவி தன் மகனைப் பற்றிய முழுவதையும் முதலிலிருந்து மறுபடி சொல்லி முடிக்க ஒரு காலை முழுக்கப் போனது. அன்றைக்குப் பிறகு ராஜினிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதிரையில் இருந்தால் எழும்புவாள், எழும்பினால் ஏன் எழும்பினேன் என்று நிற்பாள். சமைக்கிறபோது கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். இரண்டு மாதம் கழியவில்லை, அதே வைரஸ் திரும்பவும் வந்தது. இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்ற அறிவிப்பு வேறு திரையில் ஓயாமல் எழும்பிக்கொண்டிருந்தது. புது விண்டோஸைத் தாங்குகிற வயதும் அந்தக் கணினிக்கு இல்லை.

தொழிற்பயிற்சி நிலையத்தில் கணினி படிப்பிக்கிற யதுர்ஷிகா, வினாத்தாள் பிரதி எடுக்க வருகிறவள். அவள்தான் விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறச் சொன்னாள். பென் டிரைவில் வருகிற இந்த வைரஸுகள் அதில் ஓடாது, காசு கட்டத் தேவையில்லை, ஐந்தாறு வருசம் பாவித்த லப்டொப்பே போதும் என்றாள். அடுத்த முறை வந்தபோது லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றைக் கையில் தந்தாள்.

"இதைக் குத்திப்போட்டு லப்டொப்பைப் போடுங்கோ அக்கா. லினக்ஸ் இதிலையிருந்தே ஓடும், உள்ளுக்குக் கிடக்கிற ஒண்டையும் தொடாது. வைஃபை பிடிக்குதோ, சத்தம் கேக்குதோ, எல்லா விசையும் எழுத்து விழுத்துதோ எண்டு பாத்துப்போட்டு வாங்குங்கோ. மினுக்கத்தைப் பாத்து வாங்கிப்போடாதேங்கோ."

ராஜினி அந்தப் பென் டிரைவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அலையத் தொடங்கினாள். கிளிநொச்சியில் முதல் ஏறிய கடையில் அதைக் குத்தவே விடவில்லை. கண்டதையும் குத்தித் தங்கள் சாமானைப் பழுதாக்க வேண்டாம் என்றார்கள். இன்னொரு கடையில் குத்தவிட்டார்கள். லப்டொப் வெள்ளி நிறத்தில் பளபளவென்று கிடந்தது, லினக்ஸும் எழும்பியது, ஆனால் வைஃபை எத்தனை தரம் தட்டியும் பிடிக்கவில்லை. வவுனியாவுக்கு பஸ் ஏறிப் போனாள். ஏதோ கொழும்புக் கம்பனி கழித்துவிட்ட லப்டொப்புகளை அங்கே அடுக்கி வைத்திருந்தார்கள். விலையும் வாய்ப்பாகத்தான் இருந்தது. பென் டிரைவைக் குத்திப் போட்டால், விண்டோஸ் வருவதற்கு முன்பே ஒரு பாஸ்வேர்ட் கேட்டது. கம்பனி வைத்துவிட்டுப் போன பூட்டு. கடைக்காரருக்கும் தெரியாது. விண்டோஸ்தான் ஓடுதே, பிறகென்ன என்று அவர் கேட்டார். அவருக்கு விளங்கப்படுத்தப் பொறுமையில்லாமல் அவள் வெளியே வந்துவிட்டாள்.

அவள் புருசன் வினோதன் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓட்டுகிறவன், எதற்கும் பதறாத மனுசன். அவசரமில்லாமல் ஆறுதலாகப் பார்த்து எடுக்கலாம்தானே என்றான். அவன் ஆறுதல் என்று சொன்னதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அந்தக் கிழமை வட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. பரந்தனில் ஒரு வீட்டில் பாவித்த லப்டொப் ஒன்று விற்பனைக்கு, பாஸ்வேர்ட் தெரியாது என்று எழுதியிருந்தார்கள். அன்றைக்கே வினோதனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிப் போனாள்.

வயற்கரையோரம் வீடு. வினோதன் வாசலில் நின்றுகொண்டான். விமலேஸ்வரி என்கிற அம்மா தனியாக இருந்தார். வயது அறுபதுக்கு மேல். மகன் ஜெயந்தன் பிரான்சில். இரண்டு வருசத்துக்கு முன், தகப்பனுக்கு வருத்தம் கடுமை என்று கேட்டு ஓடி வந்தவன், செத்தவீடு முடித்துப் போகிற அவசரத்தில் இந்த லப்டொப்பை விட்டுவிட்டுப் போனானாம். பாஸ்வேர்ட் அவனுக்கும் மறந்துபோனது. சும்மா கிடக்கிறது, வித்துப்போடுங்கோ என்று போனில் சொல்லியிருந்தான்.

கறுப்பு நிறம், தடித்த உடம்பு, அலுவலகங்களில் வைத்திருக்கிற வகை. ராஜினி பென் டிரைவைக் குத்தினாள். குறுக்கே ஒரு பூட்டும் கேட்காமல் லினக்ஸ் நேரே எழும்பியது. வைஃபை அவளுடைய போனை உடனே பிடித்தது. விசைகளை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தாள், ஒன்றும் தப்பவில்லை. மூடியின் பிணைச்சல் இறுக்கம், நினைவகம் எட்டு ஜிபி, பற்றரி மட்டும் கொஞ்சம் களைத்துப் போயிருந்தது. இதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பிளேன்டீ போட விமலேஸ்வரி குசினிக்குள் போனார். உள்வட்டு நல்லதோ என்று பார்க்க ராஜினி அதைத் திறந்தாள். விண்டோஸ் பூட்டி வைத்ததை லினக்ஸ் பூட்டில்லாமல் காட்டியது. 'அம்மா அப்பா' என்று ஒரு கோப்புறை. யோசிக்காமல் தட்டினாள். பழைய படங்கள். மணவறையில் ஒரு மாப்பிள்ளையும் பொம்பிளையும். பொம்பிளையின் நாடியும் கண்ணும் சற்றுமுன் குசினிக்குப் போன அம்மாவினுடையவை. அடுத்ததில் ஒரு மனுசன் உழவு இயந்திரத்தில் இருந்தபடி சிரித்தார்.

ராஜினி சுவரைப் பார்த்தாள். அங்கே அதே மனுசன் மாலையோடு தொங்கினார், அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துக் கலங்கிப்போன முகத்தோடு. அந்த வீட்டில் வேறு படம் இல்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த எந்த வீட்டிலும் இல்லாததுபோலத்தான்.

கோப்புறையை மூடிவிட்டால் முடிந்தது. இந்த அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை, மகனுக்கும் நினைவில்லை. லப்டொப்பை இன்றைக்கே கொண்டு போகலாம். குசினிக்குள் கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவள் அதைத்தான் நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. உள்ளே இருந்ததைப் பார்க்காமலே துடைத்துவிட்டு, 'இப்ப பறக்கும்' என்று சொன்னவன் முகம் கண்ணுக்குள் வந்தது.

"அம்மா, ஒருக்கா இஞ்சை வாங்கோ."

விமலேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரைக்கு முன் குனிந்தார். பிறகு கதிரையை இழுத்து இருந்தார்.

"இது என்ரை கலியாணம்" என்றார். "எண்பத்தி நாலு. சாவகச்சேரியிலை."

மகனுக்குப் போன் எடுத்தார். அவன் முதலில் விளங்காமல் முழித்தான். பிறகு நினைவு வந்து சொன்னான். சுவிசில் இருக்கிற மாமியின் அல்பத்திலிருந்து எடுத்த படங்களாம். இரண்டு பேருக்கும் காட்டத்தான் கொண்டு வந்தவனாம். வந்த நாளே அப்பா கண் முழிக்காமல் கிடந்ததில் எல்லாம் விட்டுப்போனதாம்.

போனை வைத்துவிட்டு விமலேஸ்வரி, "இதை நான் விக்கேல்லை பிள்ளை. குறை நினையாதேங்கோ" என்றார்.

படங்களை வேறு பென் டிரைவில் எடுத்துத் தரலாம், போனிலும் போட்டுத் தரலாம் என்று ராஜினி சொல்லிப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அதுவும் பழுதாப் போகும். என்ரை கையிலையிருந்து போனது கொஞ்சமே?"

அவர் சொன்னது சரி என்று ராஜினிக்கே தெரியும். வெளியே வந்து வினோதனுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் ஏறினாள்.

மூன்று நாள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. கடையில் ஒரு மனுவில் இரண்டு தரம் திகதியைப் பிழையாக அடித்தாள். வேறு லப்டொப் பார்க்கலாம் என்று வினோதன் சொன்னான். பார்க்கலாம்தான். ஆனால் அவளை அரித்தது லப்டொப் மட்டும் இல்லை. அந்தப் படங்கள் ஒரே ஒரு வட்டில், ஈரம் வாற வீட்டில் கிடக்கின்றன. நாலாம் நாள் இரண்டு புதுப் பென் டிரைவ்களோடு திரும்பவும் பரந்தனுக்குப் போனாள்.

"லப்டொப்பைத் தந்தாலும் சரி தராட்டிலும் சரி அம்மா. முதல்ல நான் இதைக் கடுதாசியிலை அடிச்சுத் தாறன். கையிலை பிடிச்சுப் பாருங்கோ."

இரண்டு பென் டிரைவிலும் பிரதி எடுத்தாள். ஸ்ரூடியோவில் கொடுத்து முப்பத்தொரு படமும் அடித்து, நீர் படாமல் உறையிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். விமலேஸ்வரி கட்டிலில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். உழவு இயந்திரத்தில் இருந்த தன் புருசன் கனகலிங்கத்தின் படத்தை எடுத்துக் கலங்கிய படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அந்தப் பழைய படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார்.

"லப்டொப்பைக் கொண்டு போங்கோ பிள்ளை" என்றார். "ஆனால் உங்களிட்டையும் ஒரு பென் டிரைவை வைச்சிருங்கோ. மாரிக்கு இஞ்சை தண்ணி ஏறினால் நான் எதையெண்டு தூக்குறது?"

கடையில் வைத்து லினக்ஸைப் பதிய யதுர்ஷிகா போனில் வழி சொன்னாள். உள்ளே உள்ள எல்லாம் அழியும், சம்மதமா என்று திரை கேட்ட இடத்தில் ராஜினியின் கை நின்றுவிட்டது. எழும்பி உள்ளே போய், போட்டோக்கொப்பிக் கடைக் கணினியில் தன்னிடமிருந்த பென் டிரைவைக் குத்தி, முப்பத்தொன்றையும் எண்ணினாள். திரும்பி வந்தாள். மறுபடி போய் எண்ணினாள். மூன்றாம் தரம் எழும்பினபோது யதுர்ஷிகா போனில் சிரித்துவிட்டாள். ராஜினி சிரிக்கவில்லை. எண்ணிவிட்டு வந்துதான் அமத்தினாள்.

அதோடு எல்லாம் சுகமாகிவிடவில்லை. அவள் விரல்களுக்குத் தெரிந்தது பாமினி என்கிற பழைய தமிழ் விசை ஒழுங்கு. லினக்ஸில் அது வேறு விதமாக வந்து, 'க' என்று அடித்தால் வேறென்னவோ விழுந்தது. யதுர்ஷிகா நேரில் வந்து பழைய தட்டச்சு ஒழுங்கைத் தேடிப் போட்டுக் கொடுத்தும், சில எழுத்துகள் இடம் மாறியே நின்றன. ஒரு கிழமைக்குப் பாதிச் சனத்தைப் பிறகு வரச் சொல்லி அனுப்ப வேண்டியதாயிற்று. அழுகை வருகிற மாதிரி இருந்த நாளும் உண்டு. பத்தாம் நாள் ஒருவர் காணிக்கதையைச் சொல்லச் சொல்ல, விசையைப் பார்க்காமலே ஒரு பக்கம் முழுக்க அடித்து முடித்ததை அவள் பிறகுதான் கவனித்தாள்.

இப்போது நாலரைக்கு அன்றைய கடிதங்களை இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் கடை பூட்டுகிறாள். பஸ் நிலையம் வரை நடந்தபின் சில நாள் திரும்பி வருவாள். பூட்டை இழுத்துப் பார்ப்பாள், பைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்ப்பாள். பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள், நிற்கிறபோதும் கால் மாற்றிக் கால் மாற்றித்தான்.