வெளியே போன ஜெபக் குறிப்பு

பி.காம். இரண்டாம் வருடம் படிக்கும்போது சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு எங்களுக்கு வேத ஆராய்ச்சி இருக்கும். கல்லூரிக்குள் அதற்கு அனுமதி கிடையாது. மாணவிகள் மத்தியில் ஊழியம் செய்துகொண்டிருந்த ஒரு அக்கா, திருப்பூரில் அவிநாசி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார். அங்கேதான் நாங்கள் நான்கு பேர் கூடுவோம். கீழே பனியனுக்கு லேபிள் அடிக்கும் கடை. மிஷின் ஓடினால் மாடித் தரை லேசாக அதிரும். பாட்டுச் சத்தம் வெளியே வரக் கூடாது என்று வீட்டுக்காரர் முதலிலேயே சொல்லியிருந்தார். அதனால் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, வாய்க்குள்ளேயே பாடுவோம்.

அக்காவின் முறை எளிமையானது. ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம், என்ன அர்த்தம் என்று பேசுவோம், நமக்கு என்ன என்று கேட்டுக்கொள்வோம். அவர் பிரசங்கம் செய்ததே இல்லை. கடைசி அரை மணி நேரம் ஜெபக் குறிப்பு. யாருக்கு எதற்காக ஜெபிக்க வேண்டுமோ அதைச் சொல்லலாம். நாங்கள் உண்மையில் அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் போனோம் என்று இப்போது தோன்றுகிறது. வீட்டில் வாய் திறக்க முடியாததை அங்கே சொல்லிவிடலாம். “இந்த ரூம்ல சொன்னது இந்த ரூமை விட்டுப் போகக் கூடாது” என்று அக்கா வாரம் தவறாமல் சொல்வார். நாங்களும் தலையாட்டுவோம்.

அந்த வருடம் ஆடி மாதம் போல ஒரு புதுப் பெண் வந்தாள். கணக்குப் பிரிவு, என் வயதுதான். அவிநாசிக்காரி. நெற்றியில் திருநீறு பாதி அழிந்த மாதிரி இருக்கும். நாங்கள் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கல்லூரி நூலகத்தில் அக்காவிடம் அவளே போய்ப் பேசி, இடம் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். அக்காவுக்குச் சந்தோஷம். எனக்கு இல்லை.

எங்கள் அப்பா பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர், நாங்கள் இரண்டு தலைமுறையாகச் சபைக்காரர்கள். எங்கேயோ ஒரு ஜெபக் கூட்டத்தில் ஆள் புகுந்து போட்டோ எடுத்தார்கள், மதம் மாற்றுகிறார்கள் என்று புகார் கொடுத்தார்கள் என்று மாதத்துக்கு ஒரு சேதியாவது அப்போது வாட்ஸப்பில் வரும். “யாரு என்னன்னு தெரியாம உள்ள சேர்க்காதீங்க” என்று எங்கள் ஆயரே சபையில் சொல்லியிருந்தார். நான் அந்தப் பெண்ணை முதல் நாளிலிருந்தே கவனித்தேன்.

கவனிக்கக் கவனிக்கச் சந்தேகப்பட ஏதாவது கிடைத்துக்கொண்டே இருந்தது. அவள் கையில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கும். நாங்கள் பேசப் பேச எழுதுவாள். ஜெபக் குறிப்பு சொல்லும்போதுதான் பேனாவை மூடுவாள். அதுவும்கூட எனக்கு நடிப்பாகப் பட்டது. ஒருநாள் சீக்கிரம் போனபோது, மேஜைமேல் கிடந்த எங்கள் வருகைப் பதிவேட்டை அவள் புரட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் எல்லோருடைய வீட்டு முகவரியும் போன் நம்பரும் அதில் இருந்தன. என்னைப் பார்த்ததும் மூடி வைத்தாள்.

இன்னொரு வாரம், நடக்க முடியாத திமிர்வாதக்காரனை நான்கு பேர் கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கின பகுதியைப் படித்தோம். அவனைத் தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவள் மெதுவாகக் கேட்டாள்: “ஏனுங்கக்கா, கூரையைப் பிரிச்சுட்டாங்களே, அப்புறம் அந்த ஊட்டுக்காரருக்கு யாருங்க அதைச் சரிபண்ணிக் குடுத்தாங்க?”

அக்கா சிரித்துவிட்டார். “நான் இத்தனை வருசமா படிக்கறேன், யோசிச்சதே இல்லை” என்றார். எனக்கு மட்டும் அது கேலியாகக் கேட்டது.

அதற்கடுத்து இன்னொன்றும் கண்ணில் பட்டது. நாங்கள் கூடும் நேரமெல்லாம் சந்து முனையில் ஒருவர் பைக்கை நிறுத்திக்கொண்டு போனைப் பார்த்தபடி நிற்பார். கூட்டம் முடிந்ததும் இவள் அந்த பைக்கில்தான் ஏறிப் போவாள். அண்ணனாம். நிட்டிங் கம்பெனியில் வேலையாம். தங்கையை விட்டுவிட்டுப் போகாமல் இரண்டு மணி நேரம் எதற்காக ஒருவர் தெருவில் நிற்க வேண்டும்? நான் இதை மற்றவர்களிடம் சொன்னேன். அதன்பின் அவர்களும் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

எங்களில் மூத்தவள் தாராபுரத்து அக்கா. மூன்றாம் வருடம், விடுதியில் தங்கியிருந்தாள். என்னை எப்போதும் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவாள். வா, போ என்று உரிமையாகப் பேசுவாள். ஒரு சனிக்கிழமை ஜெபக் குறிப்பு நேரத்தில் அவள் வெகுநேரம் பாயின் நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். வீட்டில் மாப்பிள்ளை பார்த்து முடிவு பண்ணிவிட்டார்கள். அவளுக்கு மேலே படிக்க ஆசை. சென்னையில் சமூகப்பணி முதுகலைக்கு யாருக்கும் தெரியாமல் விண்ணப்பித்துவிட்டாள். கோயம்புத்தூரில் நுழைவுத் தேர்வு, அதன் தேதியையும் சொன்னாள். “சீட்டுக் கிடைச்ச பின்னால அப்பாகிட்டச் சொன்னா ஒத்துக்குவாரு. அதுக்கு முன்னால தெரிஞ்சா விடமாட்டாரு. ஜெபம் பண்ணுங்க” என்றாள். நாங்கள் அவள் தலையில் கைவைத்து ஜெபித்தோம். அவிநாசிப் பெண் கைவைக்கவில்லை. தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

பதினொரு நாள் கழித்து தாராபுரத்து அக்காவின் அப்பா விடுதி வாசலில் வந்து நின்றார். தேர்வுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தேர்வு எங்கே, எந்தத் தேதியில் என்பதுகூட. “பைபிள் கிளாஸ்னு சொல்லிப் புள்ளைங்களைப் பெத்தவங்களுக்குத் தெரியாம கிளப்பி விடறாங்க” என்று வார்டன் அறையில் சத்தம் போட்டாராம். மகளின் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியோடு கூட்டிப் போய்விட்டார்.

தேதி தெரிந்தவர்கள் அந்த மாடி அறையில் இருந்தவர்கள் மட்டும்தான். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் கூட்டத்தைக் கலைக்க நினைத்து அவிநாசிப் பெண்ணை அனுப்பியவர்கள், பதிவேட்டிலிருந்து நம்பரை எடுத்து அந்த அப்பாவுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். மூன்று நாளும் இதையே மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

சனிக்கிழமை அக்கா ஆரம்ப ஜெபம் செய்வதற்கு முன்பே நான் அவிநாசிப் பெண்ணைக் கேட்டுவிட்டேன்.

“உங்க அண்ணன் எதுக்குத் தெருமுனையிலேயே நிக்கறாரு?”

அவள் முகம் சுருங்கிவிட்டது. “என்னைக் கூட்டிட்டுப் போறதுக்குங்க.”

“அவிநாசிக்குத்தான் நிமிசத்துக்கு ஒரு பஸ் போகுதே.”

அவள் நோட்டின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கு எங்க நம்பரையெல்லாம் எதுக்குப் பார்த்தீங்க?”

“என் பேரை அதுல எழுதிட்டாங்களான்னு பார்த்தனுங்க.”

“எழுதுனா என்ன?”

“போதும், நிறுத்து” என்றார் ஊழியக்கார அக்கா. ஆனால் அவர் குரலிலும் உறுதி இல்லை. அவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற இரண்டு பேரும் அப்படித்தான்.

அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். “நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லலைங்க” என்று சொல்லிவிட்டு எழுந்தாள். படி இறங்கும் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு பைக் கிளம்பியது. வாட்ஸப் குழுவுக்கு நான்தான் அட்மின். அங்கேயே உட்கார்ந்து அவளை நீக்கினேன். அன்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே பாடினோம்.

ஆள் போய்விட்டால் சந்தேகமும் போய்விடும் என்று நினைத்திருந்தேன். அது அங்கேயேதான் உட்கார்ந்திருந்தது. அடுத்த வாரம் ஜெபக் குறிப்பு நேரம் வந்தபோது ஒருத்தி, “செமஸ்டருக்காக” என்றாள். இன்னொருத்தி, “பொதுவா எல்லாருக்காகவும்” என்றாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்: “அக்காவே அவங்க அப்பாகிட்டச் சொல்லியிருப்பாங்களோ? பெத்தவங்களுக்குத் தெரியாம இருக்கக் கூடாதுன்னு நினைச்சு?” நான் இல்லை என்று சொன்னேன். ஆனால் அதற்குப் பிறகு அக்கா யாருடனாவது போனில் பேசினால் என் காது அந்தப் பக்கம் போனது.

மூன்று வாரம் போயிருக்கும். சபையில் அறுப்பின் பண்டிகைக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. நான் தோரணத்துக்குக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தேன். சபையின் பெண்கள் ஐக்கியக் குழுவில் அம்மாவோடு இருக்கும் ஓர் ஆன்ட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அந்தத் தாராபுரத்துப் புள்ள பரீட்சை எழுதுச்சா கண்ணு?” என்று கேட்டார்.

என் கத்தரிக்கோல் நின்றுபோனது. “உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“உங்கம்மாதான் ஜெபக் குறிப்பு குடுத்தாங்க. ஐக்கியத்துல நாங்க எல்லாரும் ஜெபிச்சோம். எங்க நாத்தனார்கிட்டயும் சொல்லியிருந்தேன். அவளும் தாராபுரத்துல அந்தப் புள்ள போற சபைதான். அந்தப் புள்ள ஊடும் அவளுக்குப் பக்கம்தான்.” அவர் அதை நிறைவாகச் சொன்னார். ஒரு நல்ல காரியத்துக்கு இன்னொரு ஆளையும் சேர்த்துவிட்ட நிறைவு.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைத் தேடினேன். மொட்டை மாடியில் கொடித் துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். அம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“நீதான கண்ணு சொன்ன?”

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அந்தச் சனிக்கிழமையே, கூட்டம் முடிந்து வந்து, சமையலறையில் நின்று சாப்பிட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறேன். ‘அம்மா, தாராபுரத்து அக்காவுக்கு ஜெபம் பண்ணுங்க. இன்ன தேதியில கோயம்புத்தூர்ல பரீட்சை. ஊட்டுக்குத் தெரியாது. யாருகிட்டயும் சொல்லிராதீங்க.’ தேதியைச் சொன்னதே அந்த நாளில் அம்மா உபவாசம் இருக்கட்டும் என்றுதான். சொன்ன கையோடு மறந்தும்விட்டேன். இத்தனை நாள் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டேனே, என்னை ஒரு தடவைகூட நான் சந்தேகப்படவில்லை.

“யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னேனேம்மா.”

“ஊருக்குச் சொல்லாதன்னுதான சொன்ன. ஜெபத்துக்குச் சொல்றது ஊருக்குச் சொல்றதா?” என்றாள் அம்மா.

அன்றைக்கு நானும் அப்படி நினைத்துத்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

ஊழியக்கார அக்காவிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “அந்தப் புள்ளைய நானும் தடுத்து நிறுத்தலையே” என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு, “ரெண்டு பேருகிட்டயும் நீயே போய்ச் சொல்லு. நான் கூட வரலை” என்றார்.

தாராபுரத்து அக்கா அப்போது ஊரிலிருந்தே தினமும் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தாள். போன் கிடையாது. கல்லூரி நிறுத்தத்தில் பஸ்ஸுக்காக நின்றவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு மாசமா அந்த அவிநாசிப் புள்ளையத்தான் மனசுக்குள்ள திட்டிட்டு இருந்தேன்” என்றாள். கொஞ்சம் கழித்து, “தை மாசம் கல்யாணம் வெச்சிருக்காங்க. வந்துருங்க” என்றாள்.

வந்துருங்க. அதுவரை என்னை அவள் அப்படி அழைத்ததில்லை. எங்கள் பக்கத்தில் ‘ங்க’ போடாமல் யாரும் பேச மாட்டார்கள், அது சாதாரணம். ஆனால் அன்று அந்த மரியாதை என் கன்னத்தில் விழுந்தது. கல்யாணத்துக்குப் போனேன். சிரித்துப் பேசினாள், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். பிறகு அவள் அஞ்சல் வழியில் அதே முதுகலையைப் படித்து முடித்து, இப்போது ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளையின் போட்டோ அனுப்புவாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், “நல்லா இருக்கறனுங்க” என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அவிநாசிப் பெண்ணைக் கணக்குப் பிரிவு வராந்தாவில் காத்திருந்து பார்த்தேன். நான் பேசி முடிக்கும் வரை பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“எங்க ஊட்ல நான் அங்க வர்றது தெரியாதுங்க” என்றாள். “அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். சொந்தக்காரங்க யாராச்சும் அந்தப் பக்கம் வந்தா எனக்குப் போன் பண்றதுக்குத்தான் அவன் முனையில நிப்பான். உங்கள்ல யாராவது வெளிய சொல்லிடுவீங்களோன்னு நான்தானுங்க பயந்துட்டு இருந்தேன்.”

“மன்னிச்சிருங்க. திரும்ப வாங்க” என்றேன்.

“இல்லீங்க. புத்தகத்தை நானே படிச்சுக்கறனுங்க.”

அவள் வரவில்லை. ஒருமுறை புது பஸ் ஸ்டாண்டில் அவளையும் அவள் அம்மாவையும் பார்த்தேன். சிரிக்கலாமா, சிரித்தால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமா என்று யோசிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

இப்போது நான் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலையில் இருக்கிறேன். ஊழியக்கார அக்கா வேறு ஊருக்குப் போய்விட்டதால், சனிக்கிழமைகளில் சில மாணவிகளோடு உட்கார்ந்து வேதம் படிப்பது என் பொறுப்பாகிவிட்டது. போன மாதம் முதல் வருடப் பெண் ஒருத்தி எல்லோரும் போகும்வரை இருந்துவிட்டு, “ஒரு விசயம் சொல்லணுங்கக்கா. யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?” என்று கேட்டாள்.

சொல்ல மாட்டேன் என்றுதான் சொல்ல நினைத்தேன். “வெளிய தெரிஞ்சாலும் தாங்கிக்க முடியும்னு உனக்குத் தோணறதை மட்டும் சொல்லு கண்ணு” என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு சொல்ல வந்ததில் பாதியை மட்டும் சொன்னாள்.