மேனாம்பேட்டிலிருந்து அக்காவோடு

1992, ஐப்பசி மாதம். காலை ஏழரை மணிக்குத் திருநின்றவூரில் மின்சார ரயில் ஏறினேன். அம்பத்தூரில் இறங்கி மேனாம்பேட்டுக்குப் போக வேண்டும். என் அக்கா வசந்தாவின் கையை அவள் புருஷன் குமார் உடைத்துவிட்டான் என்று முந்தின நாள் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்லியிருந்தார். சீட்டாட்டத்துக்காக அவளுடைய தையல் மெஷினை விற்கச் சொன்னானாம். மாட்டேன் என்றாளாம்.

ஆவடியில் எக்ஸ்பிரசுக்கு வழிவிட்டு ரயில் நின்றது. நான் வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடப்பதைப் பார்த்த ஓர் அம்மாள், "ஒக்காரு கண்ணு, பொறுமையா போவலாம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அக்காவுக்கு எல்லோரும் சொன்னது இந்த ஒரு வார்த்தையைத்தான்.

அம்பத்தூர் ஸ்டேஷன் வாசலில் சைக்கிள் ரிக்ஷா பிடித்தேன். மேனாம்பேட்டுக்குப் பத்து ரூபாய். மழையில் ரோடு முழுக்கச் சேறு.

குமார் வேலைக்குப் போயிருந்தான். கழுத்தில் கட்டிய துண்டில் இடது கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அக்கா ஒற்றைக் கையால் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மாவுக்கட்டு நனைந்திருந்தது. "கெளம்புக்கா" என்றேன்.

அவள் மாமியார் வாசலை மறித்தாள். "ஆம்பள கோவத்துல ஒரு அடி அடிப்பான். பொம்பளதான் பொறுத்துகினு போவணும். நானு போவல?"

"நீங்க பொறுத்துகினு போனதாலதான் உங்க புள்ள இப்டி வளந்து நிக்குறான்" என்று கத்தினேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

அக்கா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "மெஷினும் வரணும்டி" என்றாள்.

தெருவில் காத்திருந்த ரிக்ஷாக்காரர் உள்ளே வந்தார். "நீ தொடாதம்மா, நான் தூக்கறேன்" என்று மெஷினைத் தூக்கினார். மாமியார் அதன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். அக்கா நல்ல கையால் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "உடுங்க அத்தே. இது என் காசுல வாங்குனது."

திரும்பும் ரயிலில் மெஷினை ஏற்றி முடித்த நேரம், யாரோ தகவல் சொல்லி, குமார் பிளாட்பாரத்தில் ஓடி வந்தான். "வசந்தா, எறங்கு. ஊட்டுக்குப் போயி பொறுமையா பேசிக்கலாம்."

"பேசறதா இருந்தா இங்கியே பேசு" என்றாள் அக்கா. "எல்லாரும் கேக்கட்டும்."

பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான். ரயில் கிளம்பியது.

வீடு சேர்ந்தபோது மத்தியானம். அப்பா அக்காவின் கையைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தா அவனே திருந்தியிருப்பான்" என்றார். மேனாம்பேட்டுக்கும் திருநின்றவூருக்கும் நடுவில் ஐந்தாறு ஸ்டேஷன் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் எந்தத் தூரமும் இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கேட்டாள்: "எத்தினி நாளுப்பா? என் ஒடம்புல முழுசா எத்தினி எலும்பு மிச்சம் கீதுன்னு பாத்துட்டு, அதுக்குத் தக்க சொல்லு."

அம்மா ஜன்னலோரம் கிடந்த கட்டிலைத் தனியாகவே இழுத்துத் தள்ளி, மெஷினுக்கு இடம் செய்தாள்.