டேகெட் வீட்டுப் புகைபோக்கி

நம்பாதவர்கள் நம்பவே வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

என் பெயர் லோயிஸ். கனெக்டிகட்டில் பணக்காரர்களுக்கு முன்னோர்களைத் தேடிக் கொடுப்பது என் தொழில். எல்லோருக்கும் மாவீரன்தான் வேண்டும். பன்றி மேய்த்தவனைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் முகம் சுளிப்பார்கள்.

லாயிட் டேகெட் அவர்களிலும் ஒரு படி மேல். முந்நூறு வருடத்துக்கு முன் வாழ்ந்த அவருடைய மூதாதை ஒபதையா, தேவாலய மூப்பராம். மகா உத்தமராம். வாசலில் அவர் பெயரில் வெண்கலப் பலகை வைக்க வேண்டும். நான் வம்சாவளியைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

நவம்பர் 14, பிற்பகல் 3.20. ஒபதையா கட்டிய அதே வீட்டின் சமையலறை. மேஜைமேல் குடும்ப பைபிள். திருமணப் பக்கத்தில் ஒரே வரி: ஒபதையா, பேஷன்ஸ், 1701.

3.26. புகைபோக்கிக்குள் ஒரு சத்தம். கர்ர்க்... கர்ர்க்...

"அணில்," என்றார் லாயிட். "வாடகை வீட்ல இருக்கறவங்களுக்கு இதெல்லாம் புதுசாத்தான் இருக்கும். வேலையைப் பாருங்க."

போன் பேச மாடிக்குப் போய்விட்டார்.

3.31. சத்தம் நின்றது.

குனிந்து பார்த்தேன். பேஷன்ஸ் என்ற மனைவியின் பெயருக்கு மேலே இன்னொரு பெயர்.

மெஹிட்டபெல்.

சற்றுமுன் அது இல்லை. சத்தியமாக இல்லை.

விரலால் தொட்டேன்... ஈரம்.

என் பேனா பைக்குள் இருந்தது.

அடுப்பில் சாம்பல் அசைந்தது... யாரோ மூச்சு விடுவதுபோல்...

"என் பைபிள்ல கிறுக்குறீங்களா?" லாயிட் வாசலில் நின்றார்.

"நான் எழுதல."

"அப்ப பேய் எழுதிச்சா?"

"மெஹிட்டபெல் யாரு?"

அவர் முகம் வெளுத்தது.

"ஓடிப்போனவ. அவ பேச்சு இந்த வீட்ல வேணாம்."

கர்ர்க்...

இந்தத் தடவை அவர் அணில் என்று சொல்லவில்லை.

கையெழுத்துப் போடாமல் கிளம்பிவிட்டேன்.

அடுத்த மாதம் பழைய நீதிமன்றக் காகிதங்களில் அவளைப் பிடித்தேன். ஒபதையாவின் முதல் மனைவி. 1697-இல் ஊர் ஊராகச் சாமான் விற்பவன் ஒருவனோடு ஓடிவிட்டாள் என்று சத்தியம் செய்து, பிறகு விவாகரத்து வாங்கியிருக்கிறார் மூப்பர். தேவாலயமும் அவளைச் சபித்துத் தள்ளிவைத்தது. அவள் போனதைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

நகலை லாயிட்டுக்கு அனுப்பினேன். "தேவையில்லாத குப்பை" என்று பதில் வந்தது. வேறு யாரிடமோ கையெழுத்து வாங்கிப் பலகையை மாட்டிவிட்டார். 'தேவனுக்கு அஞ்சி நடந்தவர்' என்று இருக்கிறதாம்.

அந்த நகலின் கடைசிப் பக்கத்தை அவர் படித்தாரா, தெரியாது. ஒரு கொத்தனாரின் சாட்சி:

"அந்த அம்மா காணாமல்போன கோடையில் புகைபோக்கியை நான்தான் கட்டினேன். பின்சுவரை மட்டும் மூப்பர் கதவைச் சாத்திக்கொண்டு தானே கட்டினார்."