நவநீதன் மாமாவின் மீசையும் இருபத்தேழு கிலோமீட்டரும்

“மைலேஜுக்கும் மீசைக்கும் இன்னாடா சம்பந்தம்?”

சலூன் அந்தோணி அண்ணன் கத்தியும் கையுமாகக் கேட்டபோது நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். பதிலை இப்போது சொல்கிறேன்.

நாற்காலியில் இருந்தவர் என் அக்கா சோபனாவின் கணவர் நவநீதன் மாமா. ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் ஈரத்தோலைச் சட்டத்தில் கிளிப் போட்டு இழுத்துக் காயவைக்கும் பிரிவுக்கு மேஸ்திரி. இருபது வருடமாக முறுக்கி வளர்த்த மீசை அவருக்கு. பழைய ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கிய அன்று தோஸ்த் தௌசீப் அகமதுவிடம், “லிட்டருக்கு இருபத்தேழுன்னு கம்பெனியே சொல்லியிருக்கான். வரலன்னா மீசைய எடுத்துர்றேன்” என்று சொல்லிவிட்டார்.

டேங்கை நிரப்பி, வேலூர் போய்த் திரும்பி, மறுபடி நிரப்பிப் பார்ப்பது என்று முடிவானது. கனம் குறைக்க ஸ்டெப்னியை இறக்கினார். கால்மிதி மேட்டுகளை இறக்கினார். கடைசியில் என்னையும் இறக்கினார். வழியில் நடந்தது கூடப் போன தௌசீப் அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

கிளம்பும்போதே தௌசீப் அண்ணனின் அம்மா ஜஹீருன்னிசா ஒரு பெரிய தேக்சா பாத்திரம் நிறையப் பிரியாணியோடு வந்து நின்றார். “ஆம்பூர்லேர்ந்து வண்டி வெறுமனே போவுமா? வேலூர் லாங் பஜார்ல என் தம்பிக்குக் குடுத்துடு, நவநீதா.” மறுக்க யாருக்கு வாய் வரும்?

பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் மாமாவுக்கு யோசனை வந்தது. காரை ஓரங்கட்டினார். “மச்சான், பாதிய துன்னுட்டா வண்டி கனம் கம்மியாவும்.”

இருவரும் தின்றார்கள். அதன் பிறகுதான் தௌசீப் அண்ணன் கேட்டார்: “அது இப்ப உன் வயித்துல கீது. நீ வண்டிலதானே கீறே?”

தின்ற சூட்டுக்கு ஏசி போட்டே ஆகவேண்டியதாயிற்று. போகும்போதும் வரும்போதும் போட்டார்கள். பாதி தேக்சாவைப் பார்த்த லாங் பஜார் தம்பி பேசியதை இங்கே எழுத முடியாது.

திரும்பி வந்து நிரப்பியபோது கணக்கு இருபத்தொன்றில் நின்றது.

மாமா மீசையைப் பொத்திக்கொண்டார். “சட்டத்துல இழுத்து வச்ச தோலு பெருசாத்தான் தெரியும். கிளிப்ப கழட்டுனா சுருங்கும். கம்பெனிக்காரனும் அப்படித்தான் அளந்திருக்கான். அது என் தப்பா?”

“உன் தப்பில்ல மச்சான். மீசைய எடு.”

மறுநாள் அடையாள அட்டையில் மீசை இருக்கிறது, முகத்தில் இல்லை என்று தொழிற்சாலை வாட்ச்மேன் அவரை உள்ளே விடவில்லை. அக்கா போய்த்தான், “இது எங்க வூட்டுக்காரருதான்” என்று சாட்சி சொன்னாள்.

ஹைபிரிட் கார் வாங்கப் போகிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். மீசை வைத்தவராக இருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.