தடையே இல்லாத இசக்கி

குற்றாலம் இசக்கி பலவற்றை வென்றவள். ஏழு வயதில் வந்த அம்மையை வென்றாள். இடது காதை மட்டும் அது செவிடாக்கிவிட்டுப் போனது. குடித்துவிட்டு அடித்த புருஷனைக் கைக்குழந்தையோடு உதறிவிட்டு வந்தாள். பெண்களைச் சேர்க்காத லாட்ஜ் அடுப்படியில் வாதாடி இடம் பிடித்தாள்.

சாரல் சீசன் நின்றால் அந்தப் பாத்திரம் தேய்க்கும் வேலையும் நின்றுவிடும். வருஷம் முழுக்க ஒரு வேலை. அவள் கேட்டது அவ்வளவுதான்.

1961 ஐப்பசியில், வேலை தேடும் ஏழைகளுக்கு எது தடை என்று அளக்க ஓர் அதிகாரி தென்காசிக்கு வந்தார். சத்திரத்துக் கூடத்தில் ஐந்து தொன்னைகள் வைத்தார். படிப்பு, பிள்ளை, உடம்பு, தூரம், சிபாரிசு. ஆளுக்கு ஒரு கை புளியங்கொட்டை.

“எது பெரிய தடையோ அதுல கூடுதலாப் போடுங்கம்மா. இது கணக்கெடுப்புதான், வேலை குடுக்க இல்ல.”

இசக்கி அதை நம்பவில்லை. முன்னால் நின்ற மாரித்தாய் கொட்டை முழுவதையும் படிப்புத் தொன்னையில் போட்டபோது, “இவளுக்கு வேலை குடுத்த மாதிரிதான்” என்று முணுமுணுத்தாள். தன் முறை வந்ததும் கொட்டைகளை அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

“எனக்கு ஒரு தடையும் இல்ல ஐயா. இன்னைக்கே வரச் சொன்னாலும் வாரேன்.”

“ஏட்டி, காதைச் சொல்லு” என்றாள் அக்காள் தங்கத்தாய். அவள் நின்றது இடது பக்கம்.

வெளியே வந்ததும் தங்கத்தாய் வலது பக்கம் மாறிக்கொண்டு, காதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். இசக்கி சிரித்தாள்.

“பொண்ணு பாக்க வந்தவுககிட்ட மாறுகண்ணுன்னு யாராவது சொல்லுவாகளா? ஒனக்குக் கூறே கிடையாதுக்கா.”

தை மாதம், படிப்பில்லை என்று சொன்ன பெண்களுக்கு மாலை வகுப்பு தொடங்கியது. முடித்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலையாம். இசக்கி ஓடினாள்.

“ஒங்களுக்குத்தான் தடையே இல்லையேம்மா” என்றார் குமாஸ்தா.

“அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன் ஐயா.”

“கணக்கு மேல போயிட்டே. நான் என்ன செய்ய?”

தங்கத்தாய் கும்பிட்டுப் பார்த்தாள். அந்த மனிதரும் கையைத்தான் பிசைந்தார்.

வகுப்பு முடிந்து வரும் மாரித்தாய், வாய்க்கால் மணலில் அன்றைய எழுத்தை இசக்கிக்குப் போட்டுக் காட்டுவாள். மாரித்தாய்க்கு ஆயா வேலை கிடைத்தது. இசக்கிக்கு அடுத்த சாரலும் அதே லாட்ஜ், அதே பாத்திரம். சாரல் ஓய்ந்ததும், வேலைவாய்ப்பு ஆபீசில் முன்பே பதிந்திருந்த பெயரைப் புதுப்பிக்க அக்காளோடு போனாள். இப்போதைக்கு எதுவும் இல்லை என்றார்கள். கைநாட்டுக்கு மை நீட்டியவரிடம் இசக்கி பேனாவைக் கேட்டு வாங்கினாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, தன் பெயரின் நாலெழுத்தையும் நிறுத்தி நிதானமாக எழுதினாள். அன்று 1962 செப்டம்பர் 17, திங்கட்கிழமை.