நடுவில் இட்லி வைக்கும் லென்ஸ்

போட்டோ பிடிக்கிற தொழிலில் வெயிலைத் தாங்கலாம், மாமனாரைத் தாங்கலாம், மலிவு லென்ஸை மட்டும் தாங்க முடியாது. ஆன்லைனில் படம் பார்த்து மயங்கி வாங்கிய சக பாவிகளே, பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

சாரம் பகுதியில் எங்கள் ஸ்டூடியோ. ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் பனி கொட்டுவது போலப் படம் வேண்டுமாம். புதுச்சேரியில், சித்திரை வெயிலில்! அதற்காக ஓனர் செல்வம் அண்ணன் ஒரு பழைய கேமராவை அகச்சிவப்பு ஒளிக்கு மாற்றினார். அதில் எடுத்தால் பச்சை இலையெல்லாம் வெள்ளையாக விழும். கூடவே, கையால் திருகி ஃபோகஸ் பண்ணும் மலிவு லென்ஸ் ஒன்று. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார் (நான் அவர் குரலில் பேசினால் அவர் மனைவியே ஏமாறுவார்): “டெஸ்ட் பண்ணு. நல்லா வந்தா ஞாயித்துக்கெழம ஜோடிய நீயே எடு. வரலன்னா இனிமே கேமராவத் தொடாத.”

முதல் தட்டு

பூங்காவில் மரம் மரமாக எடுத்தேன். இலைகள் பஞ்சு போல வெளுத்திருந்தன. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் நட்டநடுவில் ஒரு வெள்ளை வட்டம். லென்ஸைத் துடைத்தேன். வட்டம் போகவில்லை. சட்டையைக் கழற்றியே துடைத்தேன். அது இன்னும் பளிச்சென்று சிரித்தது. சாதாரண வெளிச்சத்தில் சாதுவாக இருக்கும் லென்ஸ், அகச்சிவப்பில் இந்தப் புத்தியைக் காட்டுமாம். வாங்கிய பிறகுதான் இணையத்தில் படித்தோம்.

கம்ப்யூட்டரில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார் செல்வம் அண்ணன். கடைசியில் நாற்காலியில் சாய்ந்து சொன்னார்: “எல்லாத்துலயும் நடுவுல இட்லி வெச்சிருக்கியே, சட்னி எங்கடா?”

கண் பார்த்து வாங்கு

லென்ஸில் வெளிச்சம் நுழையும் வாயை முழுசாகத் திறந்து வைத்தால் இட்லி மறைகிறது என்று கண்டுபிடித்தேன். குதித்தேன். மரம் போதாது, மனுஷ முகம் வேண்டுமே என்று பெரிய மார்க்கெட் வாசலுக்கு ஓடினேன். அங்கே வெயிலில் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்கார அக்காவைக் கெஞ்சி எடுத்தேன். இட்லி இல்லை. ஆனால் ஃபோகஸும் இல்லை. ஃபோகஸ் திருகும் வளையத்தில் போட்டிருக்கும் தூரக் கணக்கு வேறு, அகச்சிவப்பு ஒளி போய் விழுகிற இடம் வேறு. அக்காவின் காது கூர்மையாக இருந்தது. கண் இரண்டும் கலங்கிப்போய், மேலே பாலாடை படிந்த மாதிரி இருந்தது.

அக்கா கேமராவை வாங்கித் திரையைப் பார்த்தார். மீனைத் திருப்பிப் பார்ப்பது போலக் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னா தம்பி இது, இந்தக் கண்ணோட ஒரு மீனு வந்தா நானே வாங்கமாட்டேன்!”

என் வாயால் கெட்டது

சரியான ஃபோகஸ் எங்கே விழுகிறது என்று தேடித் தேடி, அந்த இடத்தில் வளையத்தின் மேல் ஒரு புள்ளி வைக்க முடிவு செய்தேன். எங்கள் ஸ்டூடியோவில் ஆல்பம் டிசைன் செய்யும் கலா அக்கா, நகப்பூச்சை எடுத்து மூச்சைப் பிடித்துக் குனிந்தார். எனக்கு நாக்கு சும்மா இருக்குமா? பின்னால் நின்று செல்வம் அண்ணன் குரலில், “கலா! அந்த ரெட்டியார்பாளையம் ஆல்பம் இன்னா ஆச்சு?” என்று அதட்டினேன். அக்கா துள்ளி விழுந்தார். புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் வளையம் முழுக்க ரோஸ் கலர் ஆறு. மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியதாயிற்று.

கலா அக்கா நகப்பூச்சு பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னார்: “லென்ஸுக்கு மருதாணி வெச்சாச்சு. மாப்ளைய நீயே பாத்துக்க.”

பனி கொட்டிய ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை தோப்பில் ஜோடியை நிறுத்தினேன். புதிதாக வைத்த புள்ளிக்கு வளையத்தைத் திருகினேன், அழுத்தினேன். ஆண்டவனே! இட்லி இல்லை. கண் கலங்கவில்லை. மரமெல்லாம் பனி. பெண்ணின் இமை முடிகூட எண்ணலாம். செல்வம் அண்ணன் என் தோளைத் தட்ட, ஜோடியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.

மாப்பிள்ளையின் தலையிலும் மீசையிலும் பனி கொட்டியிருந்தது. தோப்பில் நிற்கிறவர் கருகருவென்றுதான் நிற்கிறார். திரையில் இருந்தவரோ ரிட்டையர் ஆகி வந்தவர். முடிக்கு அடித்த டை நம் கண்ணுக்குத்தான் கறுப்பு, அகச்சிவப்புக்கு அது வெறும் கண்ணாடி என்பது எந்த டெஸ்டிலும் எனக்குத் தெரியவில்லை. டை அடித்த ஆளை நான் டெஸ்ட் பண்ணவே இல்லையே!

மாப்பிள்ளை மீசையைத் தடவினார். “கேமரா கோளாறுங்க, கோளாறு” என்று செல்வம் அண்ணன் என் கையிலிருந்து அதைப் பிடுங்கினார். பெண் மட்டும் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னிடம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: “ஏன் தம்பி, இவங்க பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே இத்த எடுத்துக்கினு வந்திருக்கக் கூடாதா?”

அந்த லென்ஸ் சொதப்பிய படங்களுக்கெல்லாம் மன்னிப்பு கிடைத்தது, பாவிகளே. அது உருப்படியாக எடுத்த ஒரே படத்துக்குத்தான் நான் இனிமேல் கேமராவைத் தொடக்கூடாதாம்.