ஸ்டெப் மார்க்

சுனாமிக்கு மறு வருடம் சிதம்பரத்தில் நான் ஒன்பதாவது படித்தேன். கணக்கு வாத்தியார் என் தாய்மாமா. அதைப் பெரிய கொடுப்பினையாக எல்லோரும் நினைத்தார்கள். "உனக்கென்னாடி, மார்க்கு ஊட்டுக்கே வந்துடும்" என்பாள் பக்கத்தில் உட்காருகிறவள். எனக்கு அப்போதும் வாய் கிடையாது.

விஷயம் நேர்மாறாக இருந்தது. விடை தப்பினாலும் வழி சரியாக இருந்தால் மாமா மற்றவர்களுக்கு ஸ்டெப் மார்க் போடுவார். எனக்கு விடை தப்பினால் முட்டைதான்.

அம்மா ஒருநாள் கேட்டேவிட்டாள். "ஊரான் புள்ளைங்களுக்கு அள்ளி உடுற. இதுக்குக் கிள்ளிக்கூட வெக்க மாட்டேங்குறியேடா."

"நாளைக்கு ஒருத்தன் கேட்டா நான் என்னாக்கா சொல்றது?" என்றார் மாமா. நாள் முழுக்க நின்று பாடம் நடத்திய களைப்பு, குரலிலேயே தெரிந்தது.

முழுப் பரீட்சை மார்க்கை வைத்துத்தான் பத்தாவதில் ஏ பிரிவுக்கு ஆள் எடுப்பார்கள். பி பிரிவில் பாதிப் பாடத்துக்கு வாத்தியார் கிடையாது. அங்கே விழுந்தால் என் படிப்பு அதோடு சரி என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். யாருடைய தாள் என்று தெரியாதபடி மாமா விடைத்தாளின் தலைப்பை மடித்துக் குண்டூசி குத்திவிட்டுத்தான் திருத்துவார். அதில் அவருக்கு ஒரு பெருமை. ஆனால் இடது பக்கம் சாயும் என் எழுத்து அவருக்கு அத்துப்படி. மடித்து என்ன பயன்?

அதனால் அந்தப் பரீட்சையில் எழுத்தை மாற்றினேன். ஒவ்வொரு எண்ணையும் நிமிர்த்தி, கோலம் போடுவதுபோல எழுதினேன். கடைசிக் கணக்குகளில் விடைக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. பி பிரிவுதான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

திருத்தி முடித்த அன்று மாமா என் தாளோடு வீட்டுக்கு வந்தார்.

"இது உன்னுதா பாப்பா? எழுத்து ஏன் இப்பிடி இருக்கு?"

"யாருதுன்னு தெரியாம நீங்க திருத்தணும்னு" என்றேன்.

முடிக்காத கணக்குகளுக்கெல்லாம் ஸ்டெப் மார்க் விழுந்திருந்தது. ஒன்றின் ஓரத்தில் 'நல்ல வழி. நேரம் பார்த்து எழுது' என்றுகூட எழுதியிருந்தார். மாமா அம்மாவிடம் என் அரையாண்டுத் தாளைக் கேட்டு வாங்கினார். இரண்டையும் அருகருகே வைத்தார். ஒரே மாதிரிக் கணக்கு, ஒரே இடத்தில் நின்ற வழி. ஒன்றில் முட்டை, மற்றதில் பாதிக்கு மேல் மார்க்.

சிவப்புப் பேனாவை அவர் திறந்தபோது, எல்லாவற்றையும் அடித்துவிடப் போகிறார் என்று எனக்கு அழுகை முட்டியது. அவர் இரண்டு தாளையும் மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, எதையும் அடிக்காமல் மூடியைப் போட்டார்.

"டீ ஆறுதுடா" என்றாள் அம்மா.

"இருக்கட்டும்க்கா" என்று எழுந்து போய்விட்டார்.

எனக்கு ஏ பிரிவு கிடைத்தது. அதுவரை பத்தாவது ஏ பிரிவுக்குக் கணக்கு எடுத்துவந்த மாமா, அந்த வருடம் தாமாகவே கேட்டுப் பி பிரிவுக்குப் போனார். ஏ பிரிவுக்குக் கணக்கெடுக்க வேறு வாத்தியார் வந்தார். என்மேல் இருந்த கோபத்தில்தான் அவர் போய்விட்டார் என்று அப்போது நினைத்து, பத்தாவது முடியும்வரை நான் அவர் கண்ணிலேயே படாமல் இருந்தேன்.